திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்: வாழ்வும் பொதுத்தொண்டும்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் கேட்டபோது, கல்வியின் பயனைப் பற்றியே எழுதலாம் என்று முதலில் எண்ணியிருந்தோம். தலைமையாசிரியரிடம் எல்லோரும் எதிர்பார்ப்பதும் அதுதான். ஆனால் கழகத்தின் மாலை வகுப்பில் நிகழ்ந்த ஒன்று அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. போட்டித் தேர்வுக்குப் படித்துவரும் இளைஞர் ஒருவரிடம், அவருடைய ஊரில் நடந்த கிராம சபைக்குச் சென்று வந்தீர்களா என்று வினவினோம். அரசியல் கெட்டுக்கிடக்கிறது, அதில் நம்மைப் போன்றவர் கால்வைத்து ஆவது ஒன்றுமில்லை, படித்து ஒரு வேலைக்குப் போய்விட்டால் போதும் என்பது அவர் அளித்த விடையின் சாரம். அருகிலிருந்த மாணவர் எவரும் அதனை மறுக்கவில்லை. அவர்களை நாம் குறைகூறவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களும் நமக்கு அதையேதான் சொல்லி வளர்த்தார்கள்.

இருப்பினும் அவ்விடை நம்மை உறுத்திற்று. பதவியில்லாத, வாக்குரிமையும் இல்லாத காலத்தில் வாழ்ந்த கணக்கர் ஒருவர், கெட்டுக்கிடந்த அரசியலில் எவ்வாறு கைவைத்தார் என்பதை அந்த இளைஞருக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. அவர்தாம் இரட்டைமலை சீனிவாசனார். அவர் பெயரை நம் இளைஞர் அறிவர். படத்திற்கு மாலையும் அணிவிப்பர். அவர் செய்த பணியை வரிசையாகச் சொல்லக் கேட்டால் பலர் தயங்குவர்.

செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் அவர் பிறந்தார். சில நூல்கள் 1860 என்றும் குறிப்பிடுகின்றன. இரட்டைமலை என்பது தந்தையாரின் பெயர். கல்வி பெரும்பாலும் கோயம்புத்தூரில் அமைந்தது. அங்கே படித்த ஏறத்தாழ நானூறு மாணவரில் பத்துப் பேர் நீங்கலாக மற்றையோர் அனைவரும் பிராமணர் என்று தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவர் எழுதியிருக்கிறார். தம் குலமும் இருப்பிடமும் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவரே என்னும் அச்சத்தால், மாணவர் கூட்டத்தினின்று விலகி, பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணியடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவாராம். முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்பவர்களாதலால், மணியடித்த பின் தலைகுனிந்து உள்ளே வரும் பிள்ளையின் முகம் நமக்கு நன்றாகத் தெரியும். அவ்வாறு ஒளிந்து படித்த சிறுவரே பிற்காலத்தில் தம் குலப்பெயரையே ஒரு பத்திரிகையின் தலைப்பில் பொறித்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

படிப்பு முடிந்ததும் நீலகிரியில் ஆங்கிலேயர் வணிக நிலையம் ஒன்றில் கணக்கராகப் பணியாற்றினார். 1887இல் அரங்கநாயகி அம்மையாரை மணந்தார். வருவாய் இருந்தது, குடும்பம் அமைந்தது. அத்துடன் நின்றிருந்தால் எவரும் குற்றம் சொல்லியிருக்கமாட்டார். 1890இல் அவர் சென்னைக்கு வந்து பொதுப்பணியில் இறங்கினார். 1891இல் பறையர் மகாஜன சபையை நிறுவினார். அதுவே பின்னர் ஆதிதிராவிட மகாஜன சபை எனப் பெயர் பெற்றது. அதே ஆண்டில் நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். இவ்விருவரும் உறவினர், சீனிவாசனாரின் தமக்கையார் தனலட்சுமி அம்மையாரைப் பண்டிதர் மணந்திருந்தார். ஆயினும் குலப்பெயர் பற்றி இருவருக்கும் கருத்து வேற்றுமை உண்டு. பறையன் என்னும் சொல் பகைவர் சுமத்திய இழிபெயர் என்பது பண்டிதரின் கொள்கை. அப்பெயரைச் சொல்ல அஞ்சுகிற வரையில் அதன் இழிவு நீங்காது. நிமிர்ந்து நின்று சொன்னால் நீங்கும் என்பது சீனிவாசனாரின் கொள்கை. இன்றும் நம்மிடையே முடிவுபெறாத வழக்கு இது. நாம் எப்பக்கம் என்று சொல்லி விழா மலரில் பூசலை வளர்க்க விரும்பவில்லை.

1893ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பறையன் என்னும் அப்பத்திரிகை வெளிவந்தது. நான்கு பக்கம், இரண்டணா விலை, திங்கள் இதழ். முதல் இரண்டு நாளில் சென்னையில் மட்டும் நானூறு படிகள் விற்றன. மூன்று திங்களில் கிழமை இதழாயிற்று. இரண்டு ஆண்டுகளில் சொந்த அச்சுக்கூடமும் அமைந்தது. நம்மவரில் எழுதப்படிக்கத் தெரிந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க காலத்தில் இது எவ்வாறு விற்றது என்று வியக்கத் தோன்றும். படிக்கத் தெரிந்த ஒருவர் வாங்கினால் கேட்பதற்குப் பலர் இருந்தனர் என்றே நாம் கருதுகிறோம். அரசு அதிகாரிகளுக்குச் சேரியின் நிலையை அறிவிப்பதும், சேரிக்கு அரசின் ஆணைகளை அறிவிப்பதும் ஆகிய இரண்டு வேலைகளை அப்பத்திரிகை செய்தது. இரண்டாவது வேலையை நாம் பெரிதாக மதிக்கிறோம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலைபற்றி அறிக்கை அளித்து, அதன் பயனாக 1892இல் நிலம் வழங்குவது குறித்த அரசாணை வெளிவந்திருந்த நேரம் அது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் பேசுவது அதன் வழிவந்ததே. ஆணை அரசிதழில் இருந்தது; நிலத்துக்கு உரியவனோ அரசிதழ் படிப்பவன் அல்லன். இடையில் ஒருவர் நின்று படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பத்திரிகை நடத்துவதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1896இல் இதழில் வந்த கடிதம் ஒன்றின் பொருட்டு அவர்மீது வழக்குத் தொடரப்பட்டு நூறு ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. அவ்வழக்கில் பண்டிதர் அவருக்குத் துணைநின்றார். கருத்து வேற்றுமை வேறு, காலத்தில் உதவுதல் வேறு என்று இருவரும் அறிந்திருந்தனர்.

இனி, அவர் செய்த செயல்களுள் இன்றளவும் ஏசப்படும் ஒன்றைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தியக் குடிமைப் பணித் தேர்வு அந்நாளில் இலண்டனில் மட்டுமே நடைபெற்றது. அதனை இந்தியாவிலும் ஒருசேர நடத்தவேண்டும் என்பது காங்கிரசின் கோரிக்கை. 1893ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஆங்கில நாடாளுமன்றத்தின் மக்களவையில் அதற்கு இசைவான தீர்மானமும் நிறைவேறிவிட்டது. நாடெங்கும் மகிழ்ச்சி. சீனிவாசனாரோ அதனை எதிர்த்து, அவ்வாண்டு டிசம்பர் 23ஆம் நாள் சென்னையில் வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூட்டம் கூட்டினார். நாடாளுமன்றத்துக்கு மனு ஒன்று எழுதி, 3412 பேரிடம் கையொப்பம் பெற்று, ஜெனரல் செஸ்னி என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக அனுப்பினார். அம்மனுவின் நீளம் 112 அடி. நம் கழகத்தின் வகுப்புக் கூடம் நாற்பது அடி. அதை விரித்தால் கூடத்தை நிறைத்து, வாயிலைக் கடந்து, சாலையையும் தாண்டிப் போகும்.

இச்செயலைக் கொண்டு அவரை நாட்டுப்பற்றில்லாதவர் என்றும் வெள்ளையர்க்கு வேண்டியவர் என்றும் சொல்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அவர்களுக்கு நாம் மன்னிப்புக் கேட்கும் குரலில் மறுமொழி சொல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் நானூறு பேரில் பத்துப் பேர் என்று எண்ணிப் பார்த்தவர் அவர். பள்ளிக் கதவு சாத்தியிருக்கையில் தேர்வுக் கதவை மட்டும் திறந்தால் உள்ளே நுழைவோர் யார் என்பது அவருக்குக் கணக்காகத் தெரிந்திருந்தது. ஊரில் நம்மைத் தெருவில் நடக்கவிடாதவரே நாளை மாவட்ட ஆட்சியராகவும் வந்து அமர்ந்தால் எங்கே சென்று முறையிடுவது என்பதே அம்மனுவின் உள்ளுறை. எனினும் ஒன்றை மறைக்கக் கூடாது. கதவை அடைத்து வை என்று கேட்பதைவிட, எங்கள் பிள்ளைகளுக்கும் பள்ளியைத் திறந்துவிட்டுப் பின்னர்த் தேர்வை நடத்து என்று கேட்பதே உறுதியான நிலை. ஆங்கிலேயர் அத்திட்டத்தைக் கைவிட்டது நம்பால் கொண்ட இரக்கத்தினாலும் அன்று. இந்திய மண்ணில் அத்தேர்வு நடைபெறத் தொடங்கியது 1922இல்.

அம்மனுவை நாம் இவ்வளவு விரித்துரைப்பதற்குக் காரணம் அதன் முடிவு அன்று. அந்த 3412 பேர். கையொப்பம் இடுவது அன்று அச்சத்துக்குரிய செயல். பண்ணையார் அறிந்தால் வேலை போகும், குடியிருக்கும் மனையும் போகும். எழுதத் தெரியாதவர்க்குப் பொருளை விளக்கி, அவர் இசைவைப் பெற்று, பெயரை எழுதிக் குறியிடச் செய்தாகவேண்டும். கட்சியும் காசும் இல்லாத சபையினர் அதனைச் செய்து முடித்தனர். இன்று சில ஊர்களில் கிராம சபை முடிந்த பிறகு தீர்மானப் புத்தகம் வீடுவீடாகக் கொண்டுவரப்படுகிறது. என்ன தீர்மானம் என்று கேளாமலே நம்மவர் கையொப்பம் இட்டுத் தருகின்றனர். கையெழுத்துத் தெரிந்தவர் தொகை பெருகியிருக்கிறது.

1900ஆம் ஆண்டில் சீனிவாசனார் இலண்டன் செல்லும் நோக்குடன் கப்பலேறினார். நம் மக்களின் குறையை நாடாளுமன்றத்திலேயே நேரில் சொல்வது அவர் எண்ணம். பயணம் ஆப்பிரிக்காவுடன் நின்றது. அங்கேயே பணியில் அமர்ந்தார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். காந்தியடிகளின் பழக்கமும் அங்கே ஏற்பட்டது. திரும்பி வந்தது 1921இல். அவர் புறப்பட்டதோடு பத்திரிகையும் நின்றுபோயிற்று. ஏழாண்டு உழைத்துக் கட்டியதை ஏற்று நடத்த ஒருவர் இல்லாமற்போனது, அவரிடத்தில் நாம் காணும் பெருங்குறை. ஓர் அமைப்பு ஒருவர் தோளில் மட்டும் நின்றால் இப்படித்தான் ஆகும். இருபத்தைந்தாம் ஆண்டில் நிற்கும் நம் கழகத்தின் நிருவாகிகள் இவ்விடத்தை இருமுறை படிக்கவேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறோம்.

அவர் திரும்பியபோது நாட்டின் நிலை சற்று மாறியிருந்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாணச் சட்டமன்றம் விரிவடைந்திருந்தது. ஆனால் சொத்தும் வரியும் உடையவர்க்கே வாக்குரிமை. ஆதலின் நம்மவர் தேர்தலில் வெல்வது அரிது. நியமனத்தால்தான் உள்ளே போகமுடியும். எம்.சி. ராஜா அவர்கள் முன்னமே அவ்வாறு சென்றிருந்தார். 1923இல் சீனிவாசனாரும் நியமன உறுப்பினர் ஆனார். அப்போது அவருக்கு வயது அறுபத்து நான்கு. நாம் ஓய்வுபெற்று வீட்டில் அமரும் வயதைத் தாண்டிய பிறகே அவர் சட்டமன்றத்தில் அடியெடுத்து வைத்தார். பதவி வந்த பிறகு பொதுப்பணியைத் தொடங்கியவர் அல்லர். முப்பதாண்டுக்கு முன் தொடங்கிய பணிக்குப் பதவி பின்னால் வந்து சேர்ந்தது.

1924ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் அவர் கொண்டுவந்த தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நகரிலோ கிராமத்திலோ உள்ள எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எந்த வகுப்பினரும் நடக்கலாம். பொது அலுவலகம், பொதுக் கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடம் ஆகியவற்றை மற்றையோரைப் போலவே பயன்படுத்தலாம். இதற்குத் தடையில்லை என்பதே அத்தீர்மானம். செப்டம்பர் 25ஆம் நாள் 2660ஆம் எண் அரசாணையாக அது வெளிவந்தது. அதே ஆண்டில்தான் திருவிதாங்கூரில் வைக்கம் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடப்பதற்காகப் பெரும் போராட்டம் நிகழ்ந்து கொண்டிருந்தது, ஈ.வெ.ரா. பெரியார் அதிற் சிறை சென்றார். வைக்கத்தை நாடே அறியும். இங்கே தெருவைத் திறந்த அரசாணையை அறிந்தவர் மிகச் சிலர்.

நாமும் அதனை அறியாமலே வளர்ந்தோம். எழுபதுகளின் இறுதியில் நாம் சிறுவராக இருந்தபோது, நம் ஊரில் ஊர்த்தெருவைக் கடக்கும் நம்மவர் மிதிவண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பர். நம் தந்தையாரும் அவ்வாறே இறங்குவார். பின்னிருக்கையில் அமர்ந்திருந்த நம்மையும் இறக்கிவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, தெரு குறுகலாக இருக்கிறது என்று சொன்னார். தெரு குறுகலானது அன்று என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அரசாணை பிறந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அரசமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்தும் கால்நூற்றாண்டு கடந்திருந்தது. அத்தெருவில் முதன்முதல் இறங்காமல் சென்றவர் படித்துப் பட்டம் பெற்ற நம்மைப் போன்றவர் அல்லர். தையற்கடை வைத்திருந்த ஓர் அண்ணன். அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை ஊரார் அறிவர், ஈண்டு விரிக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் நால்வர் சேர்ந்து சென்றனர். பின்னர் எவரும் இறங்கவில்லை. அரசாணையின் எண்ணை நாம் நூலகத்தில் ஒரு புத்தகத்திற் கண்டது ஆசிரியராகிப் பல ஆண்டுகள் கழித்தே. அந்த அண்ணனிடம் அன்று அந்த எண் இருந்திருந்தால், காவல் நிலையத்தில் அவர் அவ்வளவு நேரம் நின்றிருக்க வேண்டியதில்லை என்று இன்றும் நினைக்கிறோம்.

1930ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனில் தொடங்கிய வட்டமேசை மாநாட்டுக்கு, தாழ்த்தப்பட்டோர் சார்பில் டாக்டர் அம்பேத்கர் அவர்களும் சீனிவாசனாரும் சென்றனர். ஒருவர் வயது முப்பத்தொன்பது, மற்றவர் வயது எழுபத்தொன்று. முப்பது ஆண்டுக்கு முன் சேர முடியாத இலண்டனை அவர் அப்போதுதான் அடைந்தார். அங்கே மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தீண்டாமை என்றால் என்ன என்று கேட்க, தெருவில் ஒருவன் விழுந்து கிடந்தாலும் அவன் தீண்டத்தகாதவன் என்றால் தூக்கிவிட மாட்டார்கள் என்று விளக்கினார், மன்னர் திடுக்கிட்டார். மன்னர் கைகுலுக்க நீட்டிய கையை அவர் மறுத்தார் என்று மேடைகளில் உரைக்கப்படும் செய்தி கேட்போர்க்குக் கிளர்ச்சி தருவது. ஆனால் அவ்விருவரும் சேர்ந்து மாநாட்டில் அளித்த கோரிக்கை மனுவே நமக்குப் பெரிது. சம குடியுரிமை, சட்டமன்றங்களில் போதிய இடம், வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை, அரசுப் பணியில் பங்கு ஆகியன அதில் கேட்கப்பட்டன. இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் வாக்காளர் அட்டையின் தொடக்கத்தை அங்கே காணலாம்.

1932இல் தனித்தொகுதி அறிவிக்கப்பட்டதும், காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்ததும், செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டதும் எல்லோரும் அறிந்தவை. அவ்வொப்பந்தத்தில் சீனிவாசனாரும் கையொப்பம் இட்டார். சென்னை மாகாணத்துக்கு 30 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்னும் பட்டங்கள் அவரை அடுத்தடுத்து வந்தடைந்தன. 1939இல் தம் வாழ்க்கையைச் சிறு நூலாக எழுதி வெளியிட்டார். 1945ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18ஆம் நாள் சென்னையில் காலமானார். ஓட்டேரியில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கேட்ட வயது வந்தோர் வாக்குரிமையின்படி நாடு முதன்முதல் வாக்களித்தது 1951-52இல்.

இளைஞர்க்கு இதனைச் சொல்லும்போது நமக்கு ஓர் அச்சமும் உண்டு. அதனை மறைக்க விரும்பவில்லை. 1997இல் மதுரை மாவட்டம் மேலவளவில், தனித்தொகுதியாக ஒதுக்கப்பட்ட ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் அவர்களும் உடனிருந்தோரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 2006 வரையில் தேர்தலே முறையாக நடைபெறவில்லை. ஆகவே, தனியாகப் போய் நில் என்று எந்தப் பிள்ளையையும் நாம் அனுப்பமாட்டோம். சீனிவாசனாரும் தனியாக ஒரு மனுவை அனுப்பவில்லை. 3411 பேரை உடன் சேர்த்துக்கொண்டார். கிராம சபைக்குப் பத்துப் பேராகச் செல்லலாம். வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். படித்தது புரியாவிடில் மறுபடி படிக்கச் சொல்லலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஆம் ஆண்டு முதல் நம் கையில் இருக்கிறது. அதற்குப் பத்து ரூபாய் போதும். அந்நாளில் இரண்டணா கொடுத்துப் பத்திரிகை வாங்கியவர்க்கு அது இதைவிடப் பெரிய செலவு.

மாலை வகுப்பில் நமக்கு விடையளித்த இளைஞருக்கு இவ்வரலாற்றை இரண்டு மாலைகளில் சொன்னோம். அவர் எதுவும் பேசவில்லை. அடுத்து வந்த கிராம சபைக்கு அவரும் வேறு எழுவரும் சென்றனர். சேரிக்கு என ஒதுக்கப்பட்ட குடிநீர்க் குழாய்ப் பணிக்கான கணக்கைக் கேட்டதற்கு, பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். மறுநாளே அவர் விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்தார். அதில் ஆறு எழுத்துப்பிழைகள் இருந்தன, திருத்திக் கொடுத்தோம். எண்மரும் கையொப்பம் இட்டு, பத்து ரூபாய் வில்லை ஒட்டி, பதிவு அஞ்சலில் அனுப்பியிருக்கின்றனர். இக்கட்டுரையை எழுதும் இன்று பத்தொன்பது நாள் ஆகிறது. விடை வர இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.